பேச்சு தரகன் வாயில, கயிறு நம்ம கையில

ஏங்கண்ணு, ராத்திரி முச்சூடும் லைட்டை எரிச்சுப் போட்டு வெளியுறவுப் பரிட்சைக்குப் படிக்கறயே, உன்ற நோட்டை எடுத்துப் பாத்தேன். கோவிச்சுக்காதே. 'நாடுகள் தங்கள் வெளியுறவுப் பணிகளை நாடுகளுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் ஏன் ஒப்படைக்கின்றன?' அப்படீன்னு ஒரு கேள்வி. அதுக்கு நாலு பக்கம் பதில் எழுதியிருக்கறே. கூட்டு இறையாண்மை, பரஸ்பர நம்பிக்கை, பொது நன்மை, மானுட ஒற்றுமை. நெம்ப அழகா இருக்குது சாமி. படிச்சா ஐரோப்பாக்காரன் அல்லாரும் விரதம் இருந்து, விபூதி பூசி, சொத்தைப் பொதுவுல எழுதி வெச்ச மகானுகன்னு தோணுது. பேப்பர் திருத்தறவன் நல்லவனா இருந்தா மார்க் போடுவான். வெவரமானவனா இருந்தா சிரிப்பான்.

சித்த நேரம் அந்தச் செல்லைக் கீழ வெச்சுட்டுக் கேளு. அப்புச்சி அந்தக் காலத்துப் பி.யூ.சி.தான். ஆனா திருப்பூர்ல பனியன் கம்பெனி ஷிப்பிங் செக்‌ஷன்ல குப்பை கொட்டினவன். ஹாம்பர்க்குக்கு ஒரு கன்டெய்னர் டி-ஷர்ட் ஏத்தோணும்னா இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல்., அதுக்கு மேல ஐரோப்பா வரிச் சலுகைக்கு ஜி.எஸ்.பி. ஃபாரம் ஏ. அந்தக் காயிதம் இருந்தா அங்க எறக்குமதி வரி அப்ப 9.6 சதவீதம். இல்லாட்டி 12. பங்களாதேஷ்காரன் சரக்குக்கு? சைபர். 'ஆயுதம் தவிர எல்லாம்'னு 2001-ல ஐரோப்பிய ஒன்றியத்துல ஏழை நாடுகளுக்கு ஒரு திட்டமே போட்டு வரியத் தூக்கிட்டாங்க. ஒருக்கா ஜெர்மன் பையர் வந்தப்போ எங்க மொதலாளி எளநிய வெட்டிக் கையில குடுத்து, 'எங்களுக்கும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லப்படாதா உங்க கவர்ன்மென்டுல?'ன்னாரு. அந்தாளு நல்ல மனுசன். எளநியக் குடிச்சு முடிச்சான், தோளைத் தூக்கினான், 'எங்க கவர்ன்மென்ட் கையில என்னங்க இருக்குது, எல்லாம் பிரஸ்ஸல்ஸ்'ன்னான். பெர்லின்ல மந்திரி இருக்கறான், மந்திரிக்குக் காரு இருக்குது, காருல கொடி இருக்குது. ஒரு பனியன் வரியக் கொறைக்கற அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் இல்லாததுல மந்திரிக்கு ஒரு பொட்டு வருத்தமும் இல்லைங்கறது எனக்கு அப்பறந்தான் வெளங்குச்சு.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்றகூட வந்திருக்கறயல்லோ? அங்க மாடு விக்கறவன் தானே வெலை பேச மாட்டான். தரகனை விடுவான். தரகன் துண்டைப் போட்டு, அதுக்கடியில வாங்கறவன் கையப் புடிச்சு, வெரலைத் தொட்டுத் தொட்டு வெலை பேசுவான். மாட்டுக்காரன் ஒண்ணுந் தெரியாதவனாட்டப் பக்கத்துல நிப்பான். ஆனாக் கயிறு அவன் கையில. வெலை எறங்கறாப்புலத் தெரிஞ்சா ஒரு இருமல். தரகன் திரும்பிப் பாக்கமாட்டான், வெரலு மாறும். நல்ல வெலைக்குப் போச்சுன்னா ஊட்டுக்கு வந்து, 'நான் எப்புடிப் பேசி முடிச்சேன் தெரியுமா'ன்னு பொண்டாட்டிகிட்டப் பீத்துவான். கொறஞ்ச வெலைக்குப் போச்சுன்னா, 'அந்தத் தரகன் வெளங்குவானா'ம்பான். உன்ற கேள்விக்குப் பதில் இதுக்குள்ளயே இருக்குது. நாடுக தரகன்கிட்டக் குடுக்க நெனைக்கறது பழியத்தான். அதிகாரம் அதுகூடக் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுப் போயிருது, அது வேற கதை.

இன்னைக்கு ஐரோப்பிய ஒன்றியம்னு சொல்லறதுக்கு அடிக்கல்லா, 1957 மார்ச்சுல ரோமாபுரியில ஆறு நாடு கையெழுத்துப் போட்டுது. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். தங்களுக்குள்ள சுங்கம் கெடையாது, வெளியிலருந்து வர்ற சரக்குக்கு ஆறு பேருக்கும் ஒரே வரி. சரி, அந்த ஒரே வரியப் பத்தி வெளிநாட்டுக்காரன்கிட்டப் பேசறது யாரு? ஆளாளுக்குப் பேசினா ஒருத்தன் பின்வாசல்ல சலுகை குடுத்துருவான். அவன் துறைமுகத்துல எறங்கின சரக்கு ஆறு நாட்டுக்கும் போயிரும். பிரான்சு ஜெர்மனிய நம்பாது, ஜெர்மனி இத்தாலிய நம்பாது. லக்சம்பர்க்கை மட்டும் அல்லாரும் நம்பினாங்க, ஏன்னா அதுகிட்டக் கடலே இல்லை. அதனால 113-ஆவது ஷரத்துல எழுதினாங்க: மந்திரிங்க சபை உத்தரவு குடுக்கும், பிரஸ்ஸல்ஸ்ல இருக்கற ஆணையம் பேசும். நீ பரஸ்பர நம்பிக்கைன்னு எழுதியிருக்கறயே, அதுக்கு முன்னால ஒரு 'அவ' சேத்துக்க. பதில் சரியாயிரும்.

உடனே பலன் கெடைச்சுது, கோழியில. ஜெர்மனிக்கு அமெரிக்காவுலருந்து கப்பல் கப்பலா ஐஸ்ல வெச்ச கோழி மலிவா வந்துக்கிட்டு இருந்துச்சு. 1962-ல ஆறு நாட்டுப் பொது விவசாயக் கொள்கை வந்து, கோழிக்கு வரி எகிறுச்சு. அமெரிக்காக்காரன் குதிச்சான். ஜெர்மன் தலைவரு அடனாவரு, 'நானும் கென்னடியும் எழுதிக்கிட்ட கடுதாசியில பாதி கோழியப் பத்தித்தான்'னு வேடிக்கையாச் சொன்னதாச் சொல்லுவாங்க. ஆனாக் கடுதாசி எழுதறதைத் தவிர அவரு என்ன பண்ணறது? 'எனக்கும் மலிவுக் கோழி வேணும்தான், என்ன செய்ய, பொதுக் கொள்கையாப் போச்சே'ன்னு கையை விரிக்க வசதியாப் போச்சு. அமெரிக்கா பதிலுக்கு 1963 டிசம்பர்ல பிராந்தி, உருளைக்கெழங்கு மாவு இதுக்கெல்லாம் வரிய ஏத்தி, சின்ன லாரிக்கு 25 சதவீதம் வரி போட்டுது. கோழிச் சண்டை எப்பவோ முடிஞ்சு போச்சு. அந்த லாரி வரி இன்னைக்கும் இருக்குது. அமெரிக்காவுல ஓடற பிக்கப் வண்டியில வெளிநாட்டுப் பேரு கொறைவா இருக்கறதுக்கு ஒரு காரணம், அறுவது வருசத்துக்கு முந்தி எவனோ தின்ன கோழி.

சேந்து பேசினா எடை கூடுதுங்கறதும் மெய்தான், நான் இல்லைங்கல. 1964-லயிருந்து 67 வரைக்கும் ஜெனீவாவுல நடந்த கென்னடி சுத்து உலக வர்த்தகப் பேச்சுல ஆறு நாட்டுக்கும் ஒரே வாயி, ழான் ரேன்னு ஒரு பெல்ஜியக்காரரு. அமெரிக்காக்காரன் எதுக்க மொத மொறையா சரிக்குச் சமானமா ஒருத்தன் உக்காந்தான். தொழிற்சாலைச் சரக்கு வரி சராசரியா மூணுல ஒரு பங்குக்கு மேல எறங்குச்சு. இது எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்குது, நீயும் எழுதியிருக்கறே, வுடு.

புஸ்தகத்துல சிறுசாப் போட்டுப் போற எடத்துக்கு வருவோம். 1992. உருகுவே சுத்துப் பேச்சு வருசக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. தொண்டையில சிக்கின முள்ளு ஐரோப்பாவோட விவசாய மானியம். ஐரோப்பா தரப்புல பேசினவரு ரே மெக்‌ஷேரி, அயர்லாந்துக்காரரு. ஆணையத் தலைவரு ஜாக் டெலோர், பிரெஞ்சுக்காரரு. நவம்பர்ல சிகாகோவுல பேச்சு முறிஞ்சுது. டெலோர் குறுக்க வர்றாருன்னு சொல்லி, மெக்‌ஷேரி பேச்சுப் பொறுப்பே வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு வந்துட்டாரு. கூட இருந்த ஆணையருக அவரு பக்கம் சாஞ்சாங்க. சில நாள்ல மறுபடி அவரே போனாரு. நவம்பர் 20-ஆம் தேதி வாஷிங்டன்ல வெள்ளை மாளிகைக்கு எதுத்தாப்புல இருக்கற பிளேர் ஹவுஸ்ல ஒப்பந்தம் முடிஞ்சுது. மானியம் குடுத்து ஏத்துமதி பண்ணற அளவை 24 சதவீதம் கொறைக்கோணும்னு இருந்ததை 21-ஆப் பேசிக் கொறைச்சுட்டு வந்தாரு.

21-க்கு எறக்கினவரை மாலை போட்டுக் கூட்டிக்கிட்டு வந்திருக்கோணுமா இல்லையா? பாரிஸ்ல விவசாயிங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க. மந்திரிங்க அத்தனை பேரும், 'நாங்க இப்புடிச் சொல்லவேயில்லை, பிரஸ்ஸல்ஸ்காரன் வித்துட்டான்'னாங்க. மறு வருசம் பிரெஞ்சுப் பிரதமரா வந்த பலாதூர், பிரிச்சுப் பேசோணும்னு நின்னு, டிசம்பர்ல கொஞ்சம் தளர்த்தியும் வாங்கிட்டாரு. அதே மாசத்துல மொத்த உருகுவே பேச்சும் முடிஞ்சுது. மெக்‌ஷேரி இல்லாம பிரெஞ்சு மந்திரியே நேரா வாஷிங்டன் போயிருந்தா ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும். குடுத்துட்டு வந்திருந்தா ஊருக்குள்ள நொழைய முடியாது. குடுக்காம வந்திருந்தா பிரான்சு விக்கற மத்த சரக்கெல்லாம் அடி வாங்கியிருக்கும். நடுவுல ஒருத்தன் நின்னதால குடுத்த பலனும் கெடைச்சுது, குடுக்கலைன்னு சொல்லற வாயும் மிஞ்சுச்சு.

இன்னொண்ணும் கவனி. அதே வருசம் மே மாசம், தானியத்துக்கு ஐரோப்பா குடுத்துக்கிட்டு இருந்த ஆதரவு வெலைய ஏறக்கொறைய மூணுல ஒரு பங்கு வெட்ட முடிவெடுத்தாங்க. ஒவ்வொரு நாட்டு நிதி மந்திரிக்கும் அந்த மானியம் பாரம்னு தெரியும். எந்த மந்திரிக்கும் விவசாயி மூஞ்சிக்கு நேராச் சொல்லத் தெம்பில்லை. 'உலகப் பேச்சு இருக்குது, பிரஸ்ஸல்ஸ் கேக்குது'ன்னு சொன்னா வெட்டிறலாம். உள்ளூர்ல செய்யத் தைரியமில்லாத காரியத்தை வெளியூர்க்காரன் பேர்ல செஞ்சுக்கறதுக்கு உன்ற நோட்டுல ஒரு வரி கூட இல்லையே சாமி. ஷெல்லிங்னு ஒரு பெரிய மனுசன், 2005-ல நோபல் வாங்கினவரு, 'கை கட்டிக் கெடக்கறவனுக்குத்தான் பேரத்துல பலம்'ங்கற கருத்தை 1960-லயே புஸ்தகமாப் போட்டுட்டாரு. அவரை மட்டும் அடிக்கோடு போட்டு வெச்சிருக்கறே. ஆனா அவரு சொன்னது யாரு கையைன்னு யோசிக்கல.

தரகனுக்கும் இதுல வேலை தெரியும். அமெரிக்காக்காரன் மேல கேட்டா, 'எனக்குச் சம்மதம்தான், பாரிஸ் ஒத்துக்காதே'ம்பான். பாரிஸ் மேல கேட்டா, 'அமெரிக்காக்காரன் எந்திரிச்சுப் போயிருவானே'ம்பான். இவனை இப்புடி வுட்டா நம்ம மாட்டை வித்துட்டு அவனே காசைப் போட்டுக்குவான்னு நாடுகளுக்குத் தெரியாதா? அதுக்குத்தான் ஒரு கமிட்டி. மொதல்ல 113 கமிட்டின்னு பேரு, இப்ப ஷரத்து நம்பர் மாறி 207. ஒவ்வொரு நாட்டுலருந்தும் ஒரு அதிகாரி. ஆணையம் பேசறதுக்கு முன்னால இவங்ககிட்டச் சொல்லோணும், பேசி வந்து சொல்லோணும், கேட்டா வெளக்கம் குடுக்கோணும். சந்தையில இருமறாங்க பாரு, அவங்க இவங்கதான்.

சில சமயம் இருமல் எங்கிருந்து வருதுன்னே தெரியாது. கனடாவோட ஒப்பந்தம் 2009-ல ஆரம்பிச்சுப் பேசி முடிச்சு, 2016 அக்டோபர் 27 கையெழுத்துன்னு நாள் குறிச்சாச்சு. இருவத்தெட்டு நாட்டு அரசும் சரின்னாச்சு. அப்பப் பாத்து பெல்ஜியத்துக்குள்ள வல்லோனியான்னு ஒரு வட்டாரம், முப்பத்தஞ்சு லட்சம் சனத்துக்குக் கொஞ்சம் மேல, முடியாதுன்னுருச்சு. பெல்ஜியச் சட்டப்படி வட்டாரச் சபை ஒத்துக்காம நாடு கையெழுத்துப் போட முடியாது. கனடா மந்திரி கிறிஸ்டியா ஃப்ரீலாண்ட் அந்த வட்டாரத்து நமூர் ஊருக்கே வந்து பேசிப் பாத்துட்டு, கண்ணு கலங்கி வெளிய வந்தாங்க. பொறகு வெளக்கம், பின்னிணைப்பு எல்லாம் எழுதிக் குடுத்து 30-ஆம் தேதி முடிஞ்சுது. நாளைக்கு நீ டெல்லி தரப்புல உக்காரும்போது எதுத்தாப்புல பேசறவனையே பாத்துக்கிட்டு இருக்காதே கண்ணு. பின்னால எவன் தொண்டையக் கனைக்கறான்னு பாரு. ஐரோப்பாவோட நம்ம பேச்சு 2007-ல தொடங்கி, 2013-ல காருலயும் சாராயத்துலயும் மாட்டி நின்னு, 2022-ல மறுபடி கெளம்பி, 2026 ஜனவரியில முடிஞ்சுதுன்னு டெல்லியில அறிவிச்சாங்க. காருன்னு ஆணையம் சொன்னப்போ அது ஜெர்மனியோட குரலு. சாராயம்னு சொன்னப்போ பிரான்சும் இத்தாலியும் சேந்து கனைச்சது.

பழிக்கும் எடைக்கும் அப்பாலயும் ஒரு காரணம் இருக்குது. யாரு செஞ்சாலும் இன்னொருத்தனுக்குப் பொறுக்காத வேலை. 1977-ல லண்டன்ல பெரிய ஏழு நாட்டு மாநாடு. ஆணையத் தலைவரு ராய் ஜென்கின்ஸ் தானும் வருவேன்னாரு. பிரெஞ்சு ஜனாதிபதி ஜிஸ்கார், 'இது தனித்தனி நாடுக கூடற எடம், இந்தாளுக்கு இங்க என்ன சோலி'ங்கற கணக்குல நின்னுட்டாரு. கடைசியில சில அமர்வுல மட்டும் ஜென்கின்ஸை உக்கார விட்டாங்க. பன்னெண்டு வருசம் கழிச்சு, 1989 ஜூலையில, அதே ஏழு நாடு, அன்னைக்குத் தடுத்த அதே பிரான்சுல, பாரிஸ்ல கூடுச்சு. போலந்தும் ஹங்கேரியும் கம்யூனிஸ்டுப் பிடியிலருந்து கழண்டுக்கிட்டு இருந்த நேரம். உதவி செய்யோணும். யாரு தலைமையில? அமெரிக்காகிட்ட மனசு இருந்துச்சு, பட்ஜெட்டுல காசில்லை. ஜெர்மனிகிட்டக் காசு இருந்துச்சு, ஆனாப் போலந்துல ஜெர்மன் முன்னால போய் நிக்கறதை ஜெர்மனியே விரும்பாது. பிரான்சு நின்னா தாட்சர் அம்மாவுக்கு ஆகாது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு, அன்னைக்கு ஓரத்துல உக்கார வெச்ச அதே ஆணையத்துக்கிட்ட, 'நீயே ஒருங்கிணைச்சுக்க'ன்னாங்க. இருவத்திநாலு நாட்டு உதவி அந்த வழியாத்தான் போச்சு. ஆணையத்துக்கு வெளியுறவுல அவ்வளவு பெரிய பொறுப்பு வந்தது அதோட தெறமையப் பாத்து இல்லை சாமி. அதுக்கு ராணுவம் இல்லை, பழைய பகை இல்லை, ஓட்டு கேக்கற தலைவன் இல்லை. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லாத ஆளுங்கறதே தகுதி.

தண்டிக்கறதுக்கும் இந்த வழி தோது. 1982-ல அர்ஜென்டினா ஃபாக்லாந்துத் தீவைப் புடிச்சப்போ பத்து நாட்டுச் சமூகம் சேந்து எறக்குமதிக்குத் தடை போட்டுது. தனியாப் போட்டா இத்தாலிக்குக் கஷ்டம், அர்ஜென்டினாவுல பாதி ஊரு இத்தாலி வம்சம். கூட்டத்தோட கூட்டமாப் போட்டா மொகம் தெரியாது. பெல்கிரானோ கப்பலை இங்கிலீஷ்காரன் மூழ்கடிச்ச பொறகு இத்தாலியும் அயர்லாந்தும் மே மாசத்துல கழண்டுக்கிச்சு. கயிறு கையில இருந்துச்சல்லோ.

நம்ம பக்கத்துலயே ஒண்ணு பாத்தோம். இலங்கைத் துணிக்கு ஐரோப்பாவுல ஜி.எஸ்.பி. பிளஸ்னு சலுகை. போர் முடிஞ்ச 2009-லயே அக்டோபர் மாசம் ஆணையம் விசாரிச்சு ஒரு அறிக்கை போட்டுது: குடிமை அரசியல் உரிமை, சித்திரவதைத் தடை, குழந்தைங்க உரிமை, இந்த மூணு ஐ.நா. உடன்படிக்கையையும் சரியா நடைமுறைப்படுத்தலைன்னு. 2010 ஆகஸ்டுல சலுகை போச்சு. 2017 மே மாசந்தான் திரும்பக் கெடைச்சுது. முடிவெடுத்தது நாடுகளோட மந்திரிங்க சபைதான். ஆனாக் கொழும்புல இருக்கற எந்த ஐரோப்பியத் தூதரும், 'எங்க நாடு உங்களைத் தண்டிக்குது'ன்னு வாயைத் தொறந்து சொல்ல வேண்டிய அவசியம் வரல. 'அறிக்கை அப்புடி இருக்குது, விதி அப்புடி இருக்குது'ன்னா முடிஞ்சுது. கண்டிச்ச புண்ணியமும் உண்டு, உறவும் கெடலை. இதுல சரியானது நடந்துச்சான்னு கேட்டா, கொஞ்சம் நடந்துச்சும்பேன். விதின்னு ஒண்ணு இருந்ததாலதான் அந்த அறிக்கையே வந்துச்சு. ஒத்தை ஒத்தை நாடா வுட்டிருந்தா எவனும் எழுதியிருக்க மாட்டான்.

சமீபத்துல நடந்ததுதான் அசல் சந்தை. 2025-ல ட்ரம்ப் ஐரோப்பா உருக்குக்கு வரி போட்டாரு. பதிலடிக்கு ஆணையம் ஒரு பட்டியல் தயார் பண்ணுச்சு. அதுல அமெரிக்க பூர்பன் விஸ்கி இருந்துச்சு. ட்ரம்ப், 'அப்ப உங்க ஒயினுக்கு 200 சதவீதம்'னாரு. உடனே பிரான்சும் இத்தாலியும் அயர்லாந்தும் ஓடி வந்து, 'பூர்பனை எடுத்துருங்க, எடுத்துருங்க'ன்னு கெஞ்சி எடுக்க வெச்சுது. பொறகு எல்லா ஐரோப்பாச் சரக்குக்கும் 30 சதவீதம் போடுவேன்னு ட்ரம்ப் மெரட்டினாரு. ஜெர்மனிக்குக் காருக் கவலை, 27.5 சதவீதம் வரி ஏறிக் கெடந்துச்சு, எப்புடியாவது முடிச்சுருங்கன்னுச்சு. இப்புடி மாட்டுக்காரனெல்லாம் பக்கத்துல நின்னு இருமி இருமி, தரகன் வெரலை எறக்க வெச்சாங்க. ஜூலை 27-ஆம் தேதி ஸ்காட்லாந்துல டர்ன்பெரி, ட்ரம்போட சொந்த கோல்ஃப் மைதானம், அங்க போய் ஆணையத் தலைவி ஊர்சுலா ஃபான் டெர் லையன் 15 சதவீதத்துக்கு ஒத்துக்கிட்டு வந்தாங்க. காருக்கும் 15-தான். உருக்கு மட்டும் 50-லயே நின்னுச்சு. மறு நாளே பிரான்சுப் பிரதமரு பாய்ரூ இது கறுப்பு நாளுன்னாரு. ஹங்கேரியோட ஓர்பான், ட்ரம்ப் அந்தம்மாவைக் காலைப் பலகாரமாத் தின்னுட்டாருன்னாரு. பெர்லின்ல மட்டும் சன்னமா ஒரு நன்றி சொல்லிட்டு காருக் கணக்கைப் பாக்கப் போயிட்டாங்க. அந்தம்மா பேசினது மட்டமான பேரந்தான், நான் இல்லைங்கல. ஆனா எட்டணாவுக்கு மேல பேசாதேன்னு சொல்லி அனுப்பிட்டு, ஒரு ரூவா வாங்கிட்டு வரலைன்னு வையறதுக்கு ஒரு நெஞ்சழுத்தம் வேணும்.

நீ கேப்பே, 'அப்புச்சி, இத்தனை திட்டு வாங்கறதுக்கு எவன் தரகனா இருப்பான்?'னு. இருப்பானுக கண்ணு. தரகனுக்கும் ஆசை உண்டு. மொத ஆணையத் தலைவரு ஹால்ஸ்டைன், ஜெர்மன் புரொபசர். வெளிநாட்டுத் தூதருக நியமனக் காயிதத்தோட வந்தா, ஒரு நாட்டு அரசராட்டச் சடங்கோட வாங்கினாரு. பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் அதைப் பாத்து வயிறெரிஞ்சாரு. 1965 ஜூலையில பிரான்சு தன் மந்திரிங்களையே கூட்டத்துக்கு அனுப்பாம நாற்காலியக் காலியா வுட்டுது. விவசாயப் பணம், வீட்டோன்னு பெரிய காரணம் நெறைய. ஆனா 1966 ஜனவரியில லக்சம்பர்க்ல சமாதானம் பேசினப்போ, தூதர் காயிதத்தை ஆணையத் தலைவரு தனியா வாங்கப்படாது, மந்திரிங்க சபைத் தலைவரும் கூட இருக்கோணும்னு அதுலயும் ஒரு முடிச்சுப் போட்டாங்க. பாரு, கோழி வரி பேசற அதிகாரத்தை அலட்டாமக் குடுத்தவங்க, காயிதம் வாங்கற பவுசைக் குடுக்கலை.

அந்தப் பவுசுச் சண்டை தீரவேயில்லை. 2009 டிசம்பர்ல லிஸ்பன் ஒப்பந்தம் வந்து, ஆணையத் தலைவருக்கு மேலேயும் இல்லாம கீழேயும் இல்லாம, நாட்டுத் தலைவருக சபைக்குன்னு நெலையான தலைவர் ஒருத்தரை வெச்சாங்க. அதோட வெளியுறவுக்குன்னு உயர் பிரதிநிதி ஒருத்தரு. நாட்டுத் தலைவருக சபைக்குப் பழைய பிரிட்டன் பிரதமரு பிளேயர் வர்றாருன்னு பேச்சு அடிபட்டுது. நாடுக யோசிச்சுது: பிளேயரை வெச்சா அவரு போற எடத்துல நம்ம மொகம் தெரியுமா? பெல்ஜியத்துலருந்து ஹைக்கூ எழுதற ஹெர்மன் ஃபான் ரோம்புயைப் புடிச்சுப் போட்டாங்க. வெளியுறவுக்கு கேத்தரின் ஆஷ்டன், அதுவரைக்கும் அதிகம் பேரு அறியாத அம்மா. வேணும்னேதான் அப்புடின்னு நான் நெனைக்கறேன். ஆனா அந்த அம்மா ஈரான் அணுப் பேச்சுல தலைமை உக்காந்து, அமெரிக்காவும் ஈரானும் ஒரே மேசையில பேசறதுக்கு எடம் பண்ணிக் குடுத்தாங்க. அவங்களுக்குப் பொறகு வந்த மொகரினி, 2015 ஜூலை 14 வியன்னாவுல முடிவை வாசிச்சாங்க. பெரிய நாடுக வேண்டா வெறுப்பா வெச்ச ஆளு, பெரிய நாடுக ஒத்தையா முடிக்காத வேலைய முடிச்சுது.

அப்பறம் 2021 ஏப்ரல் 6, அங்காரா. துருக்கி ஜனாதிபதி எர்தோவானைப் பாக்க ஐரோப்பாவுலருந்து ரெண்டு தலைவருக போனாங்க. சபைத் தலைவர் ஷார்ல் மிஷேல், ஆணையத் தலைவி ஃபான் டெர் லையன். கூடத்துல கொடி வெச்சுப் போட்டிருந்தது ரெண்டே நாற்காலி. எர்தோவான் ஒண்ணுல உக்காந்தாரு. மிஷேல் வெசையாப் போய் இன்னொண்ணுல உக்காந்துட்டாரு. அந்தம்மா நடுக்கூடத்துல நின்னு, 'எம்...'னு ஒரு சத்தம் போட்டு, கையை விரிச்சுட்டு, தள்ளிக் கெடந்த சோபாவுல போய் உக்காந்தாங்க. எதுத்தாப்புல துருக்கி வெளியுறவு மந்திரி. உலகமே டி.வி.யில பாத்துது. சபைத் தலைவருக்கு முதல் மரியாதைன்னு ஒரு தரப்பும், ரெண்டு பேரும் சமம்னு ஒரு தரப்பும் வாரக்கணக்காப் பேசினாங்க. ஒரே மாட்டுக்கு ரெண்டு தரகன் அனுப்பினா எர்தோவான் எதுக்கு மூணாவது நாற்காலி போடோணும்? அது அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு.

கடைசியா ஒரு சோலி சொல்லிட்டுப் போறேன். நோட்டுல ஒப்படைச்ச வேலைங்க பட்டியல் மட்டும் இருக்குது. ஒப்படைக்காத பட்டியலையும் பக்கத்துல எழுது. வரி, மீன்பிடி, சலுகை, உதவிப் பணம் இதெல்லாம் பிரஸ்ஸல்ஸ் பேசுது. போரா சமாதானமாங்கற வெளியுறவுக் கொள்கைக்கு இன்னைக்கும் இருவத்தேழு நாடும் ஒத்துக்கோணும், ஒருத்தன் இருமினா நின்னு போகும். பிரிட்டன் 2020-ல வெளிய போன பொறகு ஐ.நா. பாதுகாப்புச் சபையில நெலையான எடம் இருக்கற ஐரோப்பிய ஒன்றிய நாடு பிரான்சு ஒண்ணுதான். 2018 நவம்பர்ல, அப்ப ஜெர்மன் நிதி மந்திரியா இருந்த ஓலாஃப் ஷோல்ட்ஸ் பெர்லின்ல ஒரு பேச்சுல, அந்த எடத்தை ஐரோப்பாவுக்கே பொதுவா வெச்சுக்கலாமே, பிரான்சுக்கு வேணும்னா ஐ.நா.வுல நெரந்தரமா ஐரோப்பாத் தூதர் பதவி குடுத்துறலாம்னு பெரிய மனசோட சொன்னாரு. கூட்டு இறையாண்மை, பரஸ்பர நம்பிக்கை எல்லாத்துக்கும் அது நல்ல சந்தர்ப்பம். பாரிஸ் முடியாதுன்னுருச்சு.